ஏரியா 51: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

போர் விமானங்களின் வரலாற்றைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உள்ள ஏரியா 51க்கு வந்துவிடுவார். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் அதேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ரகசியம் நீக்கப்பட்ட அரசு ஆவணங்கள் சொல்வதை உண்மையாகவும், மற்றதை ஊகமாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அந்தக் கோடு அழிந்துபோவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஏரியா 51னு நிஜமாவே ஒரு இடம் இருக்கா, இல்ல சும்மா கதையா?

இருக்கிறது. லாஸ் வேகஸுக்கு வடமேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், க்ரூம் ஏரி என்ற வறண்ட உப்பு ஏரியின் கரையில் உள்ள விமானத் தளம் அது. அமெரிக்க விமானப்படையின் பரந்த பயிற்சி நிலப்பரப்புக்குள் இருக்கிறது. அதை ஒட்டியே, 1951 முதல் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த நெவாடா சோதனைத் தளம்.

இடம் இருப்பதே தெரியாத மாதிரிதான் அமெரிக்க அரசு பல பத்தாண்டுகள் நடந்துகொண்டது. ஜெஃப்ரி ரிச்சல்சன் என்ற ஆய்வாளர் 2005ல் தகவல் பெறும் சட்டத்தின்படி கேட்டிருந்த ஆவணத்தை, 2013 ஆகஸ்டில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வெளியிட்டது. யு-2 உளவு விமானத்தைப் பற்றி அந்த அமைப்பே எழுதிவைத்த வரலாறு அது. முந்தைய பிரதிகளில் மறைக்கப்பட்டிருந்த ‘ஏரியா 51’ என்ற பெயரும் வரைபடமும் அதில் அப்படியே இருந்தன. கீழே வரும் பல பதில்களுக்கு அந்த ஆவணம்தான் அடிப்படை.

அவ்வளவு பெரிய நாட்டுல, போயும் போயும் ஏன் அந்தப் பொட்டல் காடு?

பொட்டலாக இருந்ததால்தான். 1955 ஏப்ரலில் சி.ஐ.ஏ.வின் ரிச்சர்ட் பிசல், லாக்ஹீட் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன், விமானப்படைக் கர்னல் ஆஸ்மண்ட் ரிட்லண்ட், சோதனை விமானி டோனி லிவியர் ஆகியோர் சின்ன விமானம் ஒன்றில் இடம் தேடிக் கிளம்பினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது க்ரூம் ஏரி. மழைக்காலத்தில் மெல்லிய தண்ணீர் தேங்கி, களிமண் படிந்து, வெயிலில் காய்ந்து, வருடா வருடம் தானாகவே சமன்படும் தரை அது. அவசரத்துக்கு எந்தத் திசையிலும் விமானத்தை இறக்கலாம். சுற்றிலும் மலை. வருடத்தின் பெரும்பகுதி தெளிந்த வானம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி பக்கத்திலிருந்த அணுகுண்டுத் தளம். அந்த வட்டாரத்துக்குள் ஆட்கள் நுழைய ஏற்கெனவே தடை இருந்தது. அந்த நிலத்தோடு இதையும் சேர்க்க அதிபர் ஐசனோவர் ஒப்புதல் தந்தார். வனாந்தரத்துக்கு வேலையாட்களை வரவழைக்க வேண்டுமே என்று, கெல்லி ஜான்சன் அந்த இடத்துக்கு ‘பாரடைஸ் ராஞ்ச்’, அதாவது சொர்க்கப் பண்ணை, என்று பெயர் வைத்தார். போனவர்கள் கண்டது புழுதியும் உப்புக்காற்றும்தான்.

அதே அண்டைவீடு பிறகு ஆபத்தாகவும் ஆனது. 1957ல் தொடர்ச்சியாக அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது கதிரியக்கத் தூசி இந்தப் பக்கம் வந்தது. தளத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

அங்க உண்மையில என்னதான் சோதிச்சாங்க?

முதலில் யு-2. 1955 ஆகஸ்ட் 1 அன்று ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்க மட்டுமே திட்டம். இறக்கைகள் அவ்வளவு நீளம், வண்டி அவ்வளவு லேசு. லிவியர் எதிர்பார்க்காமலேயே அது தரையைவிட்டு எழும்பிவிட்டது. சோவியத் ஏவுகணைகளுக்கு எட்டாதபடி 60,000 அடிக்கு மேல் பறந்து படம் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட விமானம். 1960 மே 1 அன்று கேரி பவர்ஸ் ஓட்டிச் சென்ற யு-2 சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது.

அதற்கு அடுத்தது ஏ-12. என்னைக் கேட்டால், இந்தத் தளத்தின் உச்சம் இதுதான். ஒலியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வேகம், 90,000 அடி உயரம். அந்த வேகத்தில் காற்று உரசும் சூட்டில் அலுமினியம் வலுவிழந்துவிடும் என்பதால் உடல் முழுக்கவே பெரும்பாலும் டைட்டானியம். அந்த உலோகத்தில் கணிசமான பங்கு, எந்த நாட்டை உளவு பார்க்கப் போகிறார்களோ அதே சோவியத் யூனியனிலிருந்து இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வாங்கப்பட்டது. 1962 ஏப்ரலில் லூ ஷால்க் முதன்முதலில் பறக்கவிட்டார். மொத்தம் 15 விமானங்கள். கணினித் துணை இல்லாத காலத்தில், வரைபலகையும் ஸ்லைடு ரூலும் வைத்து இதைச் செய்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

பிறகு எதிரியின் விமானங்களே வந்தன. 1966ல் ஈராக் விமானி ஒருவர் மிக்-21 ஒன்றோடு இஸ்ரேலுக்குத் தப்பி வந்தார். அந்த விமானம் 1968ல் க்ரூம் ஏரிக்குக் கொண்டுவரப்பட்டு, அமெரிக்க விமானங்களோடு மோதவிட்டுச் சோதிக்கப்பட்டது. 1977 டிசம்பரில் ‘ஹேவ் ப்ளூ’ பறந்தது. ரேடார் அலைகளைத் திரும்பிப் போகவிடாமல் வேறு பக்கம் சிதறடிக்கும்படி, தட்டையான முகப்புகளால் கட்டப்பட்ட சிறிய விமானம் அது. செய்த இரண்டும் விபத்தில் அழிந்தன, ஆனால் கணக்கு சரி என்று நிரூபித்துவிட்டன. அதிலிருந்து பிறந்த எஃப்-117 ‘ஸ்டெல்த்’ விமானம், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காத விமானம், 1981 ஜூனில் பறந்தது. 1988 நவம்பர் வரை அப்படி ஒன்று இருப்பதாகவே அரசு சொல்லவில்லை. ‘டாஸிட் ப்ளூ’ என்ற இன்னொரு ஸ்டெல்த் சோதனை விமானம் 1982ல் பறந்தது, 1996ல்தான் வெளியே காட்டப்பட்டது.

அப்போ பறக்கும் தட்டு பார்த்தேன்னு சொன்னவங்க எல்லாம் பொய் சொன்னாங்களா?

பெரும்பாலானவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். 1950களின் நடுவில் பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடியில் பறந்தன, ராணுவ விமானங்கள் 40,000 அடிக்குக் கீழே. அவற்றுக்கு மேல் எதுவும் பறக்க முடியும் என்று விமானிகளே நம்பாத காலம். மாலை நேரம். கீழே பறக்கும் விமானத்துக்குச் சூரியன் மறைந்து இருட்டிவிட்டது. ஆனால் 60,000 அடியில் இன்னும் வெயில் இருக்கிறது. அங்கே பறக்கும் யு-2வின் வெள்ளி நிற இறக்கை அந்த வெயிலில் பளீரென்று மின்னும். கீழிருந்து பார்த்த விமானிக்கு அது இருட்டில் எரியும் ஒரு பொருள்.

புகார்களை விசாரித்த விமானப்படையின் ‘ப்ளூ புக்’ குழுவினர் சி.ஐ.ஏ.விடம் பறப்புப் பதிவுகளைக் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் உண்மைக் காரணத்தைப் புகார் தந்தவரிடம் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் பெரும்பகுதி வரை வந்த புகார்களில் பாதிக்கு மேல் யு-2வும் ஏ-12ம்தான் காரணம் என்கிறது சி.ஐ.ஏ. வரலாறு. அந்தப் பாதிக் கணக்கு மிகை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது, ஏனென்றால் யு-2 போகாத ஊர்களிலிருந்தும் புகார்கள் வந்தன. ஆனால் ஒரு பகுதிக்காவது இதுதான் விளக்கம் என்பதில் சந்தேகம் இல்லை.

ராஸ்வெல்ல விழுந்த ஏலியன் உடம்பை அங்கதானே வச்சிருக்காங்க?

காலக்கணக்கே இடிக்கிறது. ராஸ்வெல் சம்பவம் நடந்தது 1947 ஜூலை, நியூ மெக்சிகோ மாநிலத்தில். க்ரூம் ஏரியில் தளம் அமைந்தது 1955ல். இடையில் எட்டு வருடம்.

ராஸ்வெல் பக்கம் விழுந்தது ‘மோகுல்’ என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் தொகுதி என்று 1994ல் விமானப்படை விளக்கியது. சோவியத் அணுகுண்டு வெடித்தால் எழும் ஒலி அலையை வானத்தின் உயரத்தில் பிடிக்க, ஒலிவாங்கிகளைப் பலூன்களில் கட்டி அனுப்பிய திட்டம். இங்கேயும் ரகசியம் உண்மை, அதை மூட முதலில் சொன்ன ‘வானிலை பலூன்’ என்ற பதில் முழு உண்மை அல்ல. அந்தப் பொருத்தமில்லாத பதில்தான் பின்னாளில் கதைக்கு உரமானது.

பாப் லாசர்னு ஒருத்தர் உள்ளேயே வேலை பார்த்தேன்னு சொல்றாரே?

1989ல் லாஸ் வேகஸ் தொலைக்காட்சி நிருபர் ஜார்ஜ் நாப்பிடம் அவர் சொன்னது இது: க்ரூம் ஏரிக்குத் தெற்கே பப்பூஸ் ஏரி அருகில் ‘எஸ்-4’ என்ற இடத்தில் வேற்றுக்கிரக வாகனங்கள் உள்ளன, அவை 115ஆம் தனிமத்தால் இயங்குகின்றன, அவற்றைப் பிரித்து ஆராய்வது தன் வேலை. உலகம் முழுக்க ‘ஏரியா 51 என்றால் ஏலியன்’ என்ற எண்ணம் பரவியது பெரும்பாலும் இந்தப் பேட்டிக்குப் பிறகுதான்.

அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்வி நிறுவனங்களான எம்.ஐ.டி.யிலும் கால்டெக்கிலும் படித்ததாக அவர் சொன்னார். இரண்டு இடத்திலும் பதிவு கிடைக்கவில்லை. பதிவுகளை அரசே அழித்துவிட்டது என்பது அவர் தரப்பு. 115ஆம் தனிமம் 2003ல் ரஷ்யாவில் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, 2016ல் மாஸ்கோவியம் என்று பெயர் பெற்றது. இதுவரை உருவாக்கிய அணுக்கள் ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்காமல் சிதைந்துவிடுகின்றன. அவர் சொன்னது வேறு வகை, நிலையான வகை என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை. அவர் தன் கூற்றிலிருந்து இன்று வரை மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் உறுதியாகச் சொல்வது சான்று ஆகாது.

கூகுள் மேப்ல பளிச்சுன்னு தெரியுதே, அப்புறம் என்ன ரகசியம்?

கட்டடம் தெரிவதில் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. கொட்டகைக்குள் நிற்கும் விமானத்தின் வடிவம்தான் ரகசியம். 1960களிலேயே சோவியத் உளவுச் செயற்கைக்கோள் எப்போது தலைக்கு மேல் வரும் என்ற அட்டவணை தளத்தில் இருந்தது. அந்த நேரத்துக்கு முன் விமானங்களை உள்ளே தள்ளிவிடுவார்கள். ஓடுபாதைப் பக்கத்தில் அவசரத்துக்கு ஒதுங்கவே தனிக் கொட்டகைகள் உண்டு.

1974ல் ஒரு சுவையான சிக்கல் வந்தது. ஸ்கைலேப் விண்வெளி நிலையத்திலிருந்த அமெரிக்க வீரர்களே இந்தத் தளத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். நாசா திறந்த அமைப்பு, எடுத்த படங்களை வெளியிடுவது வழக்கம். வெளியிடுவதா மறைப்பதா என்று அரசுத் துறைகளுக்குள் நடந்த வாதத்தின் குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது.

இவ்வளவு பேர் வேலை பார்க்கிற இடத்துல எப்படி ஒருத்தர்கூட வாய் திறக்கல?

ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையானது மட்டுமே தெரியும்படி பிரித்துவைப்பார்கள். இறக்கையில் வேலை செய்பவருக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது. பக்கத்துக் கொட்டகையில் வேறு விமானம் வெளியே வந்தால் இவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். மீறினால் வேலை போகும், சிறையும் உண்டு. ஊழியர்கள் லாஸ் வேகஸ் விமான நிலையத்தின் தனி முனையத்திலிருந்து, சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை போயிங் 737களில் போய்வருகிறார்கள். ‘ஜேனட்’ என்பது அந்த விமானங்களின் வானொலி அழைப்புப் பெயர்.

இந்த மௌனத்தின் விலையை வீட்டிலிருந்தவர்களும் கொடுத்தார்கள். 1955 நவம்பர் 17 அன்று தளத்துக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ராணுவ விமானம் பனிப்புயலில் சிக்கி சார்ல்ஸ்டன் மலையில் மோதியது. 14 பேரும் இறந்தார்கள். அவர்கள் எங்கே, எதற்காகப் போனார்கள் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே குடும்பங்களுக்குத் தெரிந்தது.

அங்க வேலை பார்த்தவங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஏலியனைப் பற்றிக் கேட்பதற்குப் பதில் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1980களில் தளத்தின் கழிவுகள், பூச்சுகள், பிசின்கள் எல்லாவற்றையும் திறந்த பள்ளங்களில் எரிபொருள் ஊற்றி எரித்தார்கள் என்றும், அந்தப் புகையைச் சுவாசித்துத் தங்களுக்குத் தோல் வெடிப்பும் மூச்சுத்திணறலும் வந்தன என்றும் தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள். ஸ்டெல்த் விமானங்களின் பூச்சு வேதிப்பொருள்களும் அதில் அடக்கம் என்றார்கள். 1994ல், இறந்துபோன இரு தொழிலாளர்களின் மனைவிமாரும், பெயர் வெளியிடாத தொழிலாளர்கள் சிலரும் வழக்குத் தொடர்ந்தார்கள். சட்டப் பேராசிரியர் ஜொனதன் டர்லி வாதாடினார். அவர்கள் முதன்மையாகக் கேட்டது, நாங்கள் எதைச் சுவாசித்தோம் என்று சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது.

அரசு மறுத்தது. எரித்த பொருளின் பட்டியல் வெளியானால் விமானத்தின் ரகசியமும் வெளியாகும் என்பது வாதம். 1995 செப்டம்பரில் அதிபர் கிளிண்டன், ‘க்ரூம் ஏரி அருகே விமானப்படை இயங்கும் இடம்’ சுற்றுச்சூழல் தகவல் வெளியீட்டு விதிகளிலிருந்து விலக்கு பெறுகிறது என்று கையெழுத்திட்டார். பின்வந்த அதிபர்களும் அதை வருடா வருடம் புதுப்பித்தார்கள். வழக்கு தள்ளுபடி ஆனது. 1998ல் மேல்முறையீட்டிலும் தோற்றது, உச்ச நீதிமன்றம் எடுக்கவே மறுத்தது. விமானத்தின் வடிவத்தைக் காப்பது வேறு, நோயாளிக்கு நோய்க் காரணத்தை மறைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அரோரான்னு ஒரு ரகசிய விமானம் ஒலியை விட ஆறு மடங்கு வேகத்துல போகுமாமே?

1980களின் பட்ஜெட் ஆவணம் ஒன்றில் ‘அரோரா’ என்ற பெயரும் பெருந்தொகையும் தவறுதலாக இடம்பெற்றன. 1990ல் அது செய்தியானது. 1991லும் 1992லும் தெற்குக் கலிபோர்னியாவில் விளக்கம் தெரியாத ஒலி அதிர்வுகள் நிலநடுக்கக் கருவிகளில் பதிவாயின. வட கடல் மேல் முக்கோண விமானம் ஒன்றைப் பார்த்ததாகவும் ஒருவர் சொன்னார். மூன்றையும் சேர்த்துக் கட்டியதுதான் அரோரா.

லாக்ஹீட்டின் ரகசிய வடிவமைப்புப் பிரிவை நடத்திய பென் ரிச், அது பி-2 குண்டுவீச்சு விமானப் போட்டிக்கான நிதியின் மறைபெயர் மட்டுமே என்று எழுதினார். எஃப்-117, டாஸிட் ப்ளூ எல்லாம் தாமதமாகவாவது வெளியே வந்தன. அரோரா வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் ஒரு துண்டு உலோகமோ ஒரு விமானியின் நினைவுக்குறிப்போ இல்லாததால், அப்படி ஒன்று படையில் இயங்கவில்லை என்பதே என் முடிவு.

அரசாங்கமே ஏலியன் கதையைக் கிளப்பிவிட்டதுன்னு சொல்றது உண்மையா?

ஓரளவு. 1980களில் விமானப்படைக் கர்னல் ஒருவர் ஏரியா 51 அருகிலிருந்த மதுக்கடை உரிமையாளரிடம் பறக்கும் தட்டின் பொய்ப் படங்களைக் கொடுத்ததாக, 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டது. ஓய்வுபெற்ற பின் அந்தக் கர்னலே பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, விசாரணையாளர்களிடம் ஒப்புக்கொண்டாராம். எஃப்-117 சோதனையை மறைப்பதே நோக்கம். அதை வைத்து எல்லாக் கதையும் அரசு எழுதியது என்று சொல்லிவிட முடியாது. மறுக்காமல் சும்மா இருந்தாலே போதும் என்ற நிலை பல நேரங்களில் இருந்திருக்கிறது.

போய்ப் பார்க்க முடியுமா? 2019ல கூட்டமா உள்ளே போகலையா?

எல்லைப் பலகை வரை போகலாம். அதற்கு மேல் போனால் கைது. வெள்ளை வண்டிகளில் காவலர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், தரையில் உணர்கருவிகளும் உண்டு. முன்பு ஃப்ரீடம் ரிட்ஜ் என்ற மேட்டிலிருந்து தளம் தெரியும். 1995ல் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள டிக்காபூ மலையுச்சிதான் மிச்சம். 1880களிலிருந்து ஒரு குடும்பம் வைத்திருந்த சுரங்க நிலத்தைக்கூட 2015ல் விமானப்படை கையகப்படுத்தியது.

2019ல் ‘ஏரியா 51க்குள் பாய்வோம்’ என்ற ஃபேஸ்புக் அழைப்புக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறோம் என்றார்கள். செப்டம்பர் 20 அன்று வாயிலுக்கு வந்தது சுமார் 150 பேர். யாரும் பாயவில்லை.

மத்த நாட்டுல இப்படி இருக்கா? நம்ம இந்தியாவுல?

பிரிட்டன் தன் ‘டரானிஸ்’ ஆளில்லா ஸ்டெல்த் விமானத்தை 2013ல் ஆஸ்திரேலியாவின் வூமரா பாலைவனத்தில் பறக்கவிட்டு, 2014ல்தான் அறிவித்தது. சீனாவில் லோப் நோர் பாலைவனத்தில், முக்கோணமாக அமைந்த நீண்ட ஓடுபாதைகள் செயற்கைக்கோள் படங்களில் தெரிகின்றன.

இந்தியாவின் தளம் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், சள்ளகெரே அருகே உள்ளது. டி.ஆர்.டி.ஓ. 2017ல் வெளிப்படையாகவே திறந்தது. ஸ்டெல்த் வடிவிலான ஆளில்லா விமானம் 2022 ஜூலை 1 அன்று அங்கே பறந்தபோது படத்தோடு அறிவித்தார்கள்.

யு-2 இந்தியாவுலயும் பறந்துச்சுன்னு எங்கயோ படிச்சேன், நிஜமா?

நிஜம். 1962 சீனப் போரை ஒட்டி, எல்லையில் சீனப் படைகள் எங்கே இருக்கின்றன என்று படமெடுக்க, யு-2 விமானங்கள் இந்திய வானில் பறக்க நேரு அனுமதித்தார். 1963 ஜூன் 3 அன்று, திருத்தணிக்காரரான குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதிபர் கென்னடியைச் சந்தித்தபோது, ஒடிசாவின் சார்பட்டியாவில் கைவிடப்பட்டிருந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தைத் தர ஒப்பந்தம் ஆனது. 1964 மே 24 அன்று முதல் பறப்பு. மூன்றே நாளில் நேரு மறைந்தார், பணி நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி சில பறப்புகள் நடந்தன. 1967ல் தளம் மூடப்பட்டது. இதுவும் முதல் பதிலில் சொன்ன அதே ஆவணத்தில் விரிவாகத் தெரிய வந்தது.

அப்போ ஏலியன் இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றீங்களா?

பிரபஞ்சத்தில் வேறு உயிர் உண்டா என்ற கேள்விக்கு இந்தத் தளம் பதில் சொல்லாது. க்ரூம் ஏரியில் வேற்றுக்கிரகப் பொருள் இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை, அவ்வளவுதான். ‘ப்ளூ புக்’ குழு 1969 வரை சேர்த்த 12,618 புகார்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்காதது வேறு, வேற்றுக்கிரகம் என்பது வேறு. பென்டகனின் தனி அலுவலகம் 2024 மார்ச்சில் தந்த அறிக்கையும் அமெரிக்க அரசிடம் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் இருப்பதற்கு ஆதாரம் காணவில்லை என்றது. அரசு அறிக்கையை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பீர்கள். மேலே பார்த்த வரலாற்றுக்குப் பிறகு அது நியாயமான கேள்விதான். அதனால்தான் அரசு சொன்னதை மட்டும் வைக்காமல், விமானம், பாகம், விமானியின் சாட்சி என்று பின்னாளில் வெளியே வந்ததையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

சரி, இப்போ அங்க என்ன பண்றாங்க?

தளம் இயங்குகிறது. கட்டடங்கள் கூடிக்கொண்டே போவது செயற்கைக்கோள் படங்களில் தெரிகிறது. அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான முழு அளவு மாதிரி ஒன்று பறந்துவிட்டதாக விமானப்படை அதிகாரி வில் ரோப்பர் 2020 செப்டம்பரில் அறிவித்தார். 2025 மார்ச்சில் அந்தத் திட்டத்துக்கு எஃப்-47 என்று பெயர் சூட்டியபோது, சோதனை விமானங்கள் 2019லும் 2022லும் முதன்முதலில் பறந்ததாகச் சொன்னார்கள். எந்த ஓடுபாதையிலிருந்து என்று சொல்லவில்லை.